லேகியம் கேட்ட சிநேகிதிக்கு

அம்பாசமுத்திரம்,
தை 22

அன்புள்ள விசாலத்துக்கு,

உன் கடிதம் பொங்கலுக்கு முதல் நாள் வந்தது. வீடு முழுக்க ஆட்கள், அடுப்படியில் கிழங்குக் குவியல். இன்றைக்குத்தான் உட்கார்ந்து எழுத முடிந்தது. பேரனுக்கு முன்பல் விழுந்துவிட்டது, எனக்கு மூட்டு வலி கொஞ்சம் தேவலை. மற்றபடி எல்லோரும் சுகம்.

அண்ணனுக்கு மூலம் தொந்தரவு, அம்மா கிளறும் கருணைக்கிழங்கு லேகியம் போல ஒரு டப்பா அனுப்பு என்று எழுதியிருந்தாய். கிளறத் தெரியும். பிடிகருணையை வேகவைத்துத் தோலுரித்து, பாலில் மசித்து, கருப்பட்டிப் பாகில் போட்டு, சுக்கு, மிளகு, திப்பிலி, ஏலம் பொடித்துத் தூவி, நெய் விட்டுக் கிளற வேண்டும். கரண்டியில் ஒட்டாமல் சுருண்டு வந்தால் இறக்கி, ஆறினதும் தேன். ஆனால் இப்போது அனுப்ப மாட்டேன். கோபிக்காதே, காரணம் சொல்கிறேன்.

அதற்கு முன்னால் இந்தப் பொங்கலில் நான் பட்ட அவமானத்தைக் கேள். மருமகள் சந்தையிலிருந்து மூன்று கிலோ சேனைக்கருணை வாங்கி வந்தாள். "அரிக்காத ரகம் அம்மா, கஜேந்திரா" என்று கடைக்காரன் சொன்னானாம். அப்படி ஒரு ரகம் உண்டுதான், ஆந்திராவில் கொவ்வூர்ப் பக்கத்திலிருந்து வந்தது. அவன் கொடுத்தது அதுதானா என்று யாருக்குத் தெரியும்? வெட்டும்போதே எனக்குச் சந்தேகம். தோலில் ஈரமண் அப்படியே இருந்தது, உள்ளே இளஞ்சிவப்பு, கத்தியில் பிசுபிசுவென்று பால். அன்று காலையில் தோண்டினது போல. பழைய கிழங்கென்றால் தோல் சுருங்கி, கையில் எடுத்தால் கனம் குறைந்திருக்கும். அம்மா சேனையை வாங்கினால் ஒரு மாதமாவது பரணில் போட்டு வைத்த பிறகுதான் தொடுவாள். நான் அவசரத்தில் புளி கூடக் கரைத்து விடாமல் அரைவேக்காடாக எடுத்து வறுவல் போட்டேன். சம்பந்தி இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டுத் தொண்டையைச் செருமினார். பிறகு அவர் மனைவி. பிறகு பந்தி முழுக்கச் செருமல். மோரும் எலுமிச்சம்பழமுமாக ஓடினேன். எனக்கு மணிக்கட்டு வரை மறுநாளும் ஊறல். இதற்குப் போய்க் கருணை என்று பேர் வைத்தவரைப் பார்க்க வேண்டும்.

கிழங்குக்குள்ளே கால்சியம் ஆக்ஸலேட் என்ற உப்பு ஊசி ஊசியாக இருக்கிறதாம். நம் கண்ணுக்குத் தெரியாது, நாக்கிலும் தொண்டையிலும் போய்க் குத்தும். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு வெட்டுவதும், புளித்தண்ணீரிலோ அரிசி கழுவின தண்ணீரிலோ வேகவைப்பதும் அதற்குத்தான். பிடிகருணை மசியலில் அம்மா புளிக்கு மேலே எலுமிச்சையும் பிழிவாளே, அதை ருசிக்கு என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

புனேயில் சேனையைச் சூரண் என்பார்கள், விரத நாளில்கூடச் சாப்பிடுவார்கள் என்று நீ எழுதியிருந்தாய். நம் ஊரில் சூரணம் என்றால் மருந்துப் பொடி, அங்கே கிழங்கே சூரணம்! வடமொழியில் அதற்கு அர்சோக்னம் என்றும் ஒரு பேர் உண்டு. அர்சஸ் என்றால் மூலம், அதை அழிப்பது என்று அர்த்தம். நம் சித்தர் தேரையரும் மண்ணுக்குள் விளையும் கிழங்குகளில் கருணையைத் தவிர வேறெதையும் உண்ண மாட்டோம் என்று பாடி வைத்திருக்கிறார். ஆகையால் நீ கேட்டதில் தப்பில்லை. நார்ச்சத்து உள்ள கிழங்கு, மலம் இளகிப் போகும், முக்க வேண்டியதில்லை. பாதி வேதனை அதிலேயே குறையும்.

ஆனால் கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் "சில நாள் ரத்தமும் போகிறது" என்று ஒரு வரி எழுதியிருக்கிறாயே, அதுதான் என்னை உறுத்துகிறது. ரத்தம் போவதெல்லாம் மூலமாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. குடலில் வேறு ஏதாவது இருந்தாலும் இப்படித்தான் காட்டும். என் பெரியப்பா இரண்டு வருஷம் லேகியம் தின்று நாளைக் கடத்தினார், பிறகு டாக்டரிடம் போனபோது ரொம்பத் தாமதமாகிவிட்டது. உனக்குத் தெரிந்த கதைதான். அறுபது வயதுக்காரர், வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில் உட்கார விடாதே. இந்த வாரமே கூட்டிப் போ. ஏழெட்டு வருஷம் முன்னால் அவருக்குச் சிறுநீரகக் கல் வந்ததே, அதையும் டாக்டரிடம் சொல். அந்த ஆக்ஸலேட் விவகாரத்தால் கல் உள்ளவர்கள் இந்தக் கிழங்கில் கொஞ்சம் அடக்கமாக இருப்பது நல்லது.

லேகியத்துக்குப் பதிலாக இப்போது ஒரு சேனை விதைத்துண்டு அனுப்புகிறேன். அரைக்கிலோ இருக்கும், நடுவே முளை உள்ள துண்டு. சாணிப்பாலில் முக்கி நிழலில் காயவைத்திருக்கிறேன், நாறுகிறது என்று தூக்கி எறிந்துவிடாதே. உன் மாடியில் ஒரு பழைய சாக்கில் மண்ணும் மக்கின எருவும் நிரப்பி, முளை மேலே பார்க்க வைத்து மூடு. மழை பிடித்ததும் பாம்புத் தோல் மாதிரிப் புள்ளி போட்ட தண்டு ஒன்று கிளம்பி, உச்சியில் குடை விரிக்கும். அத்தனையும் சேர்த்து ஒரே ஓர் இலைதான். எட்டொன்பது மாதத்தில் அது மஞ்சளாகிச் சாய்ந்தால் தோண்டலாம்.

தோண்டாமல் வருஷக்கணக்கில் விட்டுவிடாதே. கிணற்றடியில் நான் மறந்துபோன ஒரு கிழங்கு போன கோடை மழைக்குப் பூத்தது. நாற்றம் தாங்காமல் எலி செத்துக் கிடக்கிறதென்று இரண்டு நாள் அரிசி மூட்டையெல்லாம் நகர்த்திப் பார்த்தோம். கடைசியில் பார்த்தால் கத்தரிப்பூ நிறத்தில், முட்டைக்கோஸ் அளவுக்கு ஒரு பூ, சுற்றிலும் ஈயும் வண்டும். அழுகின மாமிச வாடை காட்டித்தான் அது மகரந்தச் சேர்க்கைக்குப் பூச்சிகளைக் கூப்பிடுமாம். சுமத்ராவில் இதன் பங்காளி ஒன்று பத்தடி உயரம் பூக்கும் என்கிறார்கள். அந்தக் கிணற்றடி எப்படி இருக்கும்!

டாக்டர் என்ன சொன்னார் என்று உடனே எழுது, அல்லது போன் பண்ணு. அவர் சரி என்று சொன்னால் அடுத்த நாளே அடுப்பு மூட்டுகிறேன். உடன்குடிக் கருப்பட்டி இரண்டு கிலோ வாங்கி வைத்தாயிற்று.

உன்,
கோமதி