புலனக் குழுவில் வந்து விழும் பிணங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

காஸாவிலோ உக்ரேனிலோ சூடானிலோ குண்டு விழுந்தால் அன்றைக்கே அது சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களின் புலன (வாட்ஸ்அப்) குழுக்களுக்கு வந்துவிடுகிறது. ஆலயத் திருவிழா வரவு செலவுக்கும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் கூட்ட அறிவிப்புக்கும் நடுவே சிதைந்துபோன ஒரு குழந்தை. கீழே ‘மனசாட்சி உள்ளவர்கள் பகிரவும்’. விடியற்காலையில் பெரட்டுக்கு (தோட்டத்து ஆள்கணக்கெடுப்புக்கு)க் கிளம்பும்போது அதைப் பார்த்தவர் ‘இந்த உலகம் உருப்படாது’ என்று சொன்னால் என்ன தவறு? ஆனால் அவர் அதைத் தேடிப் போகவில்லை. கைப்பேசி தானே இறக்கி வைத்தது.

அதை நிறுத்தலாம். புலனத்தின் ‘செட்டிங்ஸ்’ சென்று ‘ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா’வைத் திறந்தால் ‘மீடியா ஆட்டோ டவுன்லோட்’ இருக்கும். ஆண்ட்ராய்டு கைப்பேசியென்றால் அதில் மொபைல் டேட்டா, வைஃபை, ரோமிங் என மூன்று வரிகள். பலர் முதல் வரியில் மட்டும் வீடியோவின் குறியை எடுத்துவிட்டு வேலை முடிந்தது என்றிருப்பார்கள். வீட்டுக்கு வந்து வைஃபை பிடித்ததும் பகலில் வந்ததெல்லாம் மளமளவென்று இறங்கிவிடும். மூன்றிலும் எடுக்க வேண்டும், படங்களுக்கும் சேர்த்து. ஆண்ட்ராய்டில் ‘சாட்ஸ்’ பகுதியில் உள்ள ‘மீடியா விசிபிலிட்டி’யையும் (இறங்கிய படங்களைக் கேலரியில் காட்டும் வசதி) அணைக்க வேண்டும். பாட்டியின் கைப்பேசியில் பிறந்தநாள் படம் தேடும் பேரப்பிள்ளை பிணத்தைப் பார்ப்பது இந்த வழியில்தான். ஏற்கெனவே கேலரியில் இருப்பவை இதனால் போகாது. ஒவ்வொன்றாக அழிக்க வேண்டும்.

முகநூலில் ‘மீடியா’ பகுதியில் ‘ஆட்டோபிளே’யை ‘நெவர்’ என்று மாற்றினால் போதும். டிக்டாக் கதை வேறு. எதில் அதிக நேரம் நிற்கிறோமோ அதையே அது மேலும் மேலும் ஊட்டும். அதிர்ந்துபோய் நின்ற பத்து நொடியும் அதன் கணக்கில் விருப்பம்தான். காட்சியை அழுத்திப் பிடித்து ‘நாட் இன்ட்ரஸ்டட்’ கொடுங்கள்.

பார்க்காமல் இருப்பது கோழைத்தனம் என்று வாதிடுவோர் உண்டு. 2013 பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்புக்குப் பின் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில், நாளுக்கு 6 மணி நேரமோ அதற்கு மேலோ அந்தச் செய்திகளிலேயே மூழ்கியிருந்தவர்களுக்குச் சம்பவ இடத்தில் இருந்தவர்களைவிடக் கடுமையான மன உளைச்சல் இருந்தது தெரிந்தது. தூக்கம் கெட்டுத் தவிப்பவர்கள் சுகாதார அமைச்சின் மனநல உதவி எண்ணான ஹீல் 15555ஐ அழைக்கலாம்.

வருவதெல்லாம் உண்மையும் அல்ல. ‘ஆர்மா 3’ என்ற கணினி விளையாட்டின் காட்சிகள் போர்க்களக் காட்சிகளாக உலா வந்ததால், 2022இல் அதைத் தயாரித்த நிறுவனமே விளக்கம் கொடுக்க நேர்ந்தது. உண்மையாகவே இருந்தாலும், பிடிபட்ட படைவீரரை வேடிக்கைப் பொருளாக்கக் கூடாது என்கிறது 1949 ஜெனீவா ஒப்பந்தம். பகிரப் பகிர அது பெருகவும் செய்யும். 2019இல் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் பள்ளிவாசல் படுகொலையை முகநூல் நேரலையில் பார்த்தவர்கள் 200 பேருக்கும் குறைவு. 24 மணி நேரத்தில் முகநூல் நீக்கிய நகல்களோ 15 லட்சம்.

அதற்காக எல்லாவற்றையும் அழித்துவிடச் சொல்லவில்லை. தமிழர்களுக்குத் தெரியாததா? 2009 ஆகஸ்டில் பிரிட்டனின் சேனல் 4 தொலைக்காட்சி, இலங்கைப் போரில் கண்கட்டி நிர்வாணமாக்கப்பட்டவர்கள் சுடப்படும் காட்சியை ஒளிபரப்பியபோது கொழும்பு அதைப் போலி என்றது. 2010 ஜனவரியில் ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன், மூன்று நிபுணர்களின் ஆய்வை வைத்து, அது உண்மையானதாகவே தெரிகிறது என்று அறிவித்தார். துப்பாக்கியின் பின்னுதைப்பையும் உடல்கள் அசைந்த விதத்தையும் அவர்கள் பார்த்தார்கள். படத்தில் வெட்டு ஒட்டு உண்டா என்றும் ஆராய்ந்தார்கள்.

ஆகவே, போர் நடக்கும் இடத்திலிருந்து உறவினரோ நண்பரோ நேரடியாகக் காட்சி அனுப்புவதாக இருந்தால், புலனத்தில் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். வீடியோவாக வந்தால் சுருங்கி, எடுத்த நேரம், இடம் பற்றிய விவரங்கள் உதிர்ந்துவிடும். கோப்பின் பெயரைக்கூட மாற்றாமல் பென்டிரைவில் ஒரு பிரதி வையுங்கள். யார், என்றைக்கு அனுப்பினார் என்பதை ஒரு தாளில் எழுதி அதோடு சேர்த்து வையுங்கள். மெழுகுவர்த்திப் படம் ஒட்டி, சோகப் பாட்டு ஏற்றிய நகலில் துப்பாக்கிச் சத்தமே கேட்காது.

தோட்டத்து வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக்