பாட அகமதிப்பீட்டில் நடக்கும் முறைகேடுகளைத் தடுக்கவும் விசாரிக்கவும் அரசாணை வேண்டி மனு

அனுப்புநர்
அகமதிப்பீட்டு மதிப்பெண் இடும் உதவிப் பேராசிரியர்கள், கௌரவ விரிவுரையாளர்கள்,
அரசு மற்றும் அரசு உதவிபெறும் கலை அறிவியல் கல்லூரிகள்.

பெறுநர்
அரசுச் செயலாளர் அவர்கள்,
உயர்கல்வித் துறை,
தலைமைச் செயலகம்,
சென்னை 600 009.

பொருள்: இளநிலைப் பட்ட வகுப்புகளின் அசைன்மென்ட், இன்டர்னல் தேர்வு, ரெக்கார்டு ஆகியவற்றில் நடக்கும் முறைகேடுகளுக்குப் பொது நடைமுறை வகுத்து ஆணையிடக் கோருதல் – தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். தமிழ்நாட்டின் பல பல்கலைக்கழகங்களில் பாடம் ஒன்றுக்கு 75 மதிப்பெண் பருவத் தேர்வுக்கும் 25 மதிப்பெண் அகமதிப்பீட்டுக்கும் உரியவை. பருவத் தேர்வில் ஒரு மாணவர் பிட்டுடன் பிடிபட்டால் ஹால் சூப்பர்வைசருக்குத் தடுமாற்றம் இல்லை. பிட்டை விடைத்தாளோடு இணைப்பார், விளக்கக் கடிதம் வாங்குவார், தலைமைக் கண்காணிப்பாளர் வழியாகப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புவார். மீதியை அங்கே உள்ள குழு பார்த்துக்கொள்ளும். அந்த 25 மதிப்பெண்ணுக்கு இப்படி ஒரு வழி பெரும்பாலான கல்லூரிகளில் எழுத்தில் இல்லை. அதை வகுத்துத் தர வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை.

கருத்துத் திருட்டைத் தடுக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் விதிமுறைகள் கொண்டுவந்ததே என்று கேட்கலாம். அவை முதுநிலை, ஆய்வுப் பட்டங்களுக்கான ஆய்வேடுகளுக்கும் வெளியிடப்படும் கட்டுரைகளுக்கும் உரியவை. அசைன்மென்ட், பருவக் கட்டுரை, திட்ட அறிக்கை, விடைத்தாள் ஆகியவை அவற்றில் அடங்கா என்று அந்த விதிமுறைகளின் வரையறையே சொல்லிவிடுகிறது. 2024இல் நடுவண் அரசு கொண்டுவந்த பொதுத் தேர்வு முறைகேடு தடுப்புச் சட்டமோ தேசியத் தேர்வு முகமை, பணியாளர் தேர்வாணையம் போன்றவை நடத்தும் தேர்வுகளுக்கானது. வகுப்பறை இரண்டுக்கும் வெளியே நிற்கிறது.

வழி இல்லாத இடத்தில் ஆசிரியருக்கு ஆசிரியர் நடைமுறை மாறுகிறது. ஒருவர் கண்டும் காணாமல் 23 போடுகிறார். இன்னொருவர் 5 மதிப்பெண் அசைன்மென்டில் நடந்த தவறுக்காக மொத்த 25ஐயும் சுழியாக்குகிறார். இரண்டுமே அநீதிதான். தேர்ச்சி விகிதம் குறையக்கூடாது என்ற நெருக்கடியில் முதல் வகை பெருகிவிட்டது என்பதையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும். உழைத்து எழுதிய மாணவரின் தாளும் ஜெராக்ஸ் கடையில் வாங்கிய தாளும் ஒரே மதிப்பெண் வாங்குகின்றன.

முறைகேட்டைக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் கடினமில்லை. எடுத்துக்காட்டாக, கணக்கியல் அசைன்மென்ட் ஒன்றின் முதல் தாளில் ‘தேய்மானம்’ என்பது ‘தேய்மனம்’ என்று பிழைபட்டிருக்கும். அடுத்தடுத்த தாள்களிலும் அதே பக்கத்தில் அதே ‘தேய்மனம்’ வரும். அதை நிரூபித்து முடிவெடுப்பதுதான் சிக்கல். இந்த இடத்தில் பல கல்லூரிகள் ஒப்புமை காட்டும் மென்பொருளை மட்டுமே நம்புகின்றன. தமிழ்வழி மாணவர்களின் தாள்களுக்கு அது பல நேரம் உதவாது. ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் கணினியில் பொதுக் குறியீடு தரும் யூனிகோடை 2010இலேயே அரசு ஏற்றுக்கொண்டுவிட்டது; ஆனாலும் தட்டச்சுக் கடைகளில் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்கள் இன்றும் புழங்குகின்றன. பாமினியில் அடித்த கோப்பில் ‘தமிழ்’ என்ற சொல் திரையில் மட்டுமே தமிழ். உள்ளே இருப்பவை ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். இணையத்தில் யூனிகோடில் உள்ள கட்டுரையிலிருந்து வரிக்கு வரி எடுத்து அடித்திருந்தாலும் மென்பொருள் ஒப்புமை இல்லை என்றே சொல்லும். எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. முறையாக மேற்கோள் குறியிட்டு எழுதியவருக்கும், எல்லாரும் ஒரே மாதிரி எழுதியாக வேண்டிய வரையறைகளுக்கும் ஒப்புமை விழுக்காடு ஏறிவிடும். அந்த எண்ணை வைத்து மட்டும் யாரையும் தண்டிக்கக் கூடாது.

செயற்கை நுண்ணறிவு எழுதியதைக் கண்டறிவதாகச் சொல்லும் கருவிகள் இன்னும் ஆபத்தானவை. 2023இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இத்தகைய ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளில், சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்டவற்றை அவை இயந்திரம் எழுதியவை என்று தவறாகக் குறித்தன. எளிய சொற்களில், குறைந்த சொல்வளத்தில் எழுதுவதே அங்கே குற்றமாகிவிட்டது. அரசுப் பள்ளியிலிருந்து வந்து முதன்முறையாக ஆங்கிலத்தில் கட்டுரை எழுதும் மாணவரை இந்தக் கருவியின் முன் நிறுத்துவது சரியல்ல. அவற்றின் முடிவைச் சான்றாக ஏற்கக் கூடாது என்று ஆணையிலேயே சொல்லிவிட வேண்டுகிறோம்.

நம்பத்தக்க சோதனை ஒன்று உண்டு: நேரில் கேட்பது. ‘இரண்டாம் பத்தியில் இந்தச் சொல்லுக்கு என்ன பொருள், இந்த எண் எங்கிருந்து வந்தது’ என்று ஐந்து நிமிடம் கேட்டால் தெரிந்துவிடும். 60 பேர் வகுப்பில் எல்லாரையும் கேட்க ஐந்து மணி நேரம் ஆகும், நடக்காது. குலுக்கலில் 12 பேரை எடுத்தால் ஒரு மணி நேரம் போதும். யாருக்கு வரும் என்று தெரியாததால் 60 பேருமே படித்துவிட்டு வருவார்கள். இந்த ஒரு மணி நேரத்தைப் பணிச்சுமைக் கணக்கில் சேர்க்க வேண்டும். அது இல்லாமல் போடும் ஆணை கோப்போடு நின்றுவிடும்.

தடுப்பதில் பெரும்பங்கு கேள்வி அமைப்பைச் சேர்ந்தது. ‘தேய்மானத்தின் வகைகளை விளக்குக’ என்று ஆண்டுதோறும் கேட்டால் ஆண்டுதோறும் ஒரே தாள்தான் வரும். அதையே பதிவெண்ணோடு கட்டிவிடலாம். பதிவெண்ணின் கடைசி மூன்று இலக்கத்தை 100ஆல் பெருக்கி 50,000ஐக் கூட்டினால் இயந்திரத்தின் விலை. குறைந்து செல் மதிப்பு முறையில், அதாவது ஒவ்வோர் ஆண்டும் மீதமுள்ள மதிப்பில், 10 விழுக்காடு தேய்மானம். மூன்றாம் ஆண்டு இறுதி மதிப்பு என்ன? 247 என்று முடியும் மாணவருக்கு விலை ரூ.74,700, விடை ரூ.54,456.30. பக்கத்தில் இருப்பவருக்கு வேறு. ஆசிரியர் எக்செல்லில் ஒருமுறை சூத்திரம் போட்டுவிட்டால் வகுப்பு முழுமைக்குமான விடைகள் வந்துவிடும். வரலாற்றுக்கும் இலக்கியத்துக்கும் இப்படிக் கணக்காக அமைக்க முடியாது. அங்கே தலைப்புக் குறிப்பு, முதல் வரைவு, இறுதித் தாள் என மூன்று கட்டமாக வாங்கி, முதல் இரண்டுக்கும் தலா ஒரு மதிப்பெண் ஒதுக்கலாம். கடைசி இரவில் வாங்கிய தாளுக்கு வரைவு இருக்காது.

இன்டர்னல் தேர்வுகளில் பெரிய ஓட்டை ஷிஃப்ட் முறை. காலை ஷிஃப்டில் கொடுத்த வினாத்தாளையே மதியமும் கொடுத்தால், இடைப்பட்ட நேரத்தில் அது வாட்ஸ்அப்பில் படமாகச் சுற்றிவிடுகிறது. ஷிஃப்டுக்கு ஒரு வினாத்தாள் கட்டாயமாக வேண்டும். செல்போனையும் ஸ்மார்ட் வாட்சையும் அறைக்கு வெளியே வைக்கச் சொல்லும் கல்லூரி, அவற்றுக்குப் பூட்டும் அலமாரியும் தர வேண்டும். போன் தொலைந்துவிடும் என்ற பயத்தில்தான் பலர் சட்டைப்பையில் வைத்திருக்கிறார்கள்.

பிடிபட்ட பிறகு செய்ய வேண்டியதும் எழுத்தில் இருக்க வேண்டும். பிட்டில் பதிவெண், நேரம் எழுதிக் கண்காணிப்பாளர் கையொப்பமிட வேண்டும். அதுவரை எழுதிய இடத்தில் கோடிட்டு, தேர்வை மீதி நேரமும் எழுதவிட வேண்டும். புகார் நிற்காது என்று முடிவானால் திருத்துவதற்குத் தாள் வேண்டுமல்லவா? மாணவியரை ஆண்கள் சோதிக்கக் கூடாது. போனைத் திறந்து காட்டச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது. உறையிலிட்டுத் துறைத் தலைவரிடம் ஒப்படைத்து, அன்று மாலையே திருப்பித் தர வேண்டும். வகுப்பின் முன் நிறுத்தித் திட்டுவது அறவே கூடாது. அவமானம் தாங்காமல் விபரீத முடிவுக்குப் போகும் வயது இது. அன்று பிடிபட்ட மாணவரைத் தனியே அனுப்பாமல் வகுப்பாசிரியர் உடனிருந்து பேசி, வீட்டாரிடம் ஒப்படைக்க வேண்டும்.

விசாரணைக்கு மூவர் போதும்: துறைத் தலைவர், வேறு துறை ஆசிரியர் ஒருவர், முதல்வர் நியமிக்கும் ஒருவர். புகார் கொடுத்த ஆசிரியர் சாட்சியாக மட்டும் வரலாம். சான்றின் நகலை மாணவருக்கு முன்கூட்டியே தந்து, மூன்று வேலை நாள் அவகாசம் கொடுத்து, 15 வேலை நாளுக்குள் முடிக்கலாம். இரண்டு தாள் ஒன்றாக இருந்தால் இருவரையும் தனித்தனியே கேட்க வேண்டும்; கொடுத்தவர் யார், கேட்காமல் எடுத்தவர் யார் என்பது பிறகே தெரியும். முதல் தவறுக்கு மறுபடி எழுதச் சொல்லிப் பாதி மதிப்பெண்ணை உச்சமாக வைக்கலாம். இரண்டாம் முறை அந்தக் கூறுக்கு மட்டும் சுழி. பணம் கொடுத்து எழுதி வாங்கியதும் ஆள்மாறாட்டமும் முதல் முறையே ஆனாலும் கல்லூரிக் குழுவுக்குப் போக வேண்டும். ரெக்கார்டு நோட்டில் ஒரே மேசையில் சேர்ந்து சோதனை செய்தவர்களின் அளவீடுகள் ஒத்திருப்பது தவறாகாது என்பதையும் குறிப்பிட வேண்டும். முடிவை எதிர்த்து முதல்வரிடம் ஏழு நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வழி வேண்டும். அது முடியும்வரை மதிப்பெண்ணை இணையதளத்தில் ஏற்றக் கூடாது.

இவற்றை உள்ளடக்கி, எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் தன்னாட்சிக் கல்லூரிகளுக்கும் பொருந்தும் ஆணை ஒன்றை வரும் கல்வியாண்டு தொடங்கும் முன் பிறப்பிக்க வேண்டுகிறோம். அதன் தமிழ்ப் படி ஒவ்வொரு மாணவருக்கும் சேர்க்கை நாளிலேயே கைக்குக் கிடைக்க வேண்டும். வரைவு தயாரிக்கும் குழுவில் பாடம் நடத்தும் ஆசிரியர்களையும் மாணவர்களையும் சேர்த்துக்கொள்ளுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
அகமதிப்பீட்டுப் பணியில் உள்ள ஆசிரியர்கள்