குறைத்துச் சாப்பிடுவது சரி, எதைக் குறைக்கிறாய்?

டேய் மணி,

மெயிலும் போட்டோவும் பார்த்தேன். கால்வாசிச் சாப்பாட்டைக் குறைத்துவிட்டேன், ராத்திரி வெறும் மோர்தான், இப்படியே போனால் தொண்ணூறு வரை மாத்திரை இல்லாமல் ஓட்டிவிடலாம் என்கிறாய். கன்னம் ஒட்டி, வாட்ச் மணிக்கட்டில் சுற்றுகிறதே, அதைக் கவனித்தாயா?

குறைவாகச் சாப்பிட்டால் ஆயுள் கூடும் என்று நீ படித்தது பொய் இல்லை. 1935லேயே கார்னெல் பல்கலைக்கழகத்தில் கிளைவ் மெக்கே, கலோரியைக் குறைத்து மற்ற சத்துகளைக் குறைக்காமல் கொடுத்தால் எலிகள் அதிக நாள் வாழ்கின்றன என்று காட்டிவிட்டார். எனக்குப் பிடித்தது குரங்கு விவகாரம்தான். அமெரிக்காவில் இரண்டு இடங்களில் ரீசஸ் குரங்குகளுக்கு வருஷக்கணக்கில் தீனியைக் குறைத்துப் பார்த்தார்கள். விஸ்கான்சினில் குறைவாகத் தின்றவற்றில் மூப்பு நோயால் செத்தவை குறைவு என்று 2009ல் சொன்னார்கள், 2012ல் இன்னொரு இடமான அமெரிக்கத் தேசிய முதுமை ஆய்வு நிறுவனம் ஆயுள் ஒன்றும் கூடவில்லை என்றது. காரணம் என்னவென்று பார்த்தால், விஸ்கான்சின் தீனியில் கால்பங்குக்கு மேல் சர்க்கரை, ஒப்பிட வைத்திருந்த குரங்குகளும் வேண்டிய மட்டும் தின்றன. இன்னொரு இடத்தில் சர்க்கரை 4 சதவீதம்தான், எல்லாக் குரங்குக்கும் அளந்துதான் போட்டார்கள். கண்டதையும் தின்பவனோடு ஒப்பிட்டால்தான் அரை வயிற்றுக்கு அவ்வளவு மவுசு!

மனுஷர்களை வைத்தும் 2 வருஷம் ஒரு சோதனை நடந்தது. 25 சதவீதம் குறைக்கச் சொன்னார்கள், முடிந்தது 12 சதவீதம்தான். ரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு எல்லாம் இறங்கியது, மூப்பின் வேகமே 2, 3 சதவீதம் குறைந்ததாக 2023ல் டிஎன்ஏவை அளந்து சொன்னார்கள். நல்லதுதான். ஆனால் இடுப்பிலும் முதுகுத்தண்டிலும் எலும்பு அடர்த்தியும் குறைந்திருக்கிறது, அத்தனை பேரும் ஐம்பதைத் தாண்டாதவர்கள். நமக்கு அறுபத்துமூன்று. இந்த வயதில் சதை போனால் திரும்ப ஏற்றுவது கஷ்டம், பாத்ரூமில் வழுக்கி விழுந்தால் தொண்ணூறு எங்கே?

அப்புறம், நீ நிறுத்தியது எல்லாம் முட்டை, சுண்டல், ராத்திரிப் பருப்பு. மதியச் சோறு அப்படியே இருக்கிறது. இங்கே மெட்ராஸ் டயாபடிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலோடு (ஐசிஎம்ஆர்) சேர்ந்து செய்த ஆய்வில், இந்தியர்கள் சாப்பிடும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்து என்று வந்திருக்கிறது. வெட்டவேண்டியது அங்கேதான். நான் மதியம் சோற்றை ஒரு கரண்டியாக்கி, கூட்டையும் பருப்பையும் ஏற்றிவிட்டேன். வீட்டில், 'சாம்பாருக்குத் தொட்டுக்கொள்ளச் சோறா?' என்று கிண்டல்.

நாகேஸ்வர ராவ் பூங்காவில் நம் நடைக்கோஷ்டி இன்னும் இருக்கிறது, நாலு சுற்று நடந்துவிட்டு நேரே போய் நெய்ப்பொங்கலும் வடையும் சாப்பிடுகிறார்கள், அவர்களிடம் இந்த ஆராய்ச்சியெல்லாம் பேசி ஒரு பிரயோஜனமும் இல்லை. சின்னவளுக்குத் தை மாதம் வளைகாப்பு. வருவதற்கு முன்னால் எலும்பு அடர்த்திப் பரிசோதனை ஒன்று எடுத்து ரிப்போர்ட்டை அனுப்பு, முட்டையை நாளைக்கே ஆரம்பி.

உன்,
சேகர்