மைக்ரோ ஆர்.என்.ஏ. அடக்க மட்டுமா செய்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் மைக்ரோ ஆர்.என்.ஏ. பற்றி, அதாவது மரபணுக்களின் வேலையைக் கட்டுப்படுத்தும் குட்டி ஆர்.என்.ஏ. துண்டுகள் பற்றி, வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். 2024இல் மருத்துவ நோபல் பெற்ற விக்டர் ஆம்ப்ரோஸும் கேரி ரவ்குனும் ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள புழுவை வைத்துக்கொண்டு எவ்வளவு பெரிய விஷயத்தைக் கண்டுபிடித்தார்கள் என்பது எனக்கு அந்தக் கட்டுரையில்தான் முழுசாகப் புரிந்தது. எழுதியவருக்கு நன்றி.

ஆனால் ஒரு வரி உறுத்திக்கொண்டே இருக்கிறது. மைக்ரோ ஆர்.என்.ஏ.வின் வேலை மரபணுவை அடக்குவது, அவ்வளவுதான் என்ற பொருளில் எழுதியிருந்தீர்கள். அப்படி முடித்துவிட முடியாது. நான் தினமும் தேடிக்கொண்டிருக்கும் ஹெபடைட்டிஸ் சி வைரஸே அதற்குச் சாட்சி.

நான் ரத்த வங்கியில் லேப் டெக்னீஷியன், 19 வருடமாக. யார் கொடுத்த ரத்தமானாலும் எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி, சிபிலிஸ், மலேரியா ஆகிய ஐந்தும் இல்லை என்று பார்த்த பிறகுதான் பை வெளியே போகும். எலிசா என்பது கிருமியின் தடயத்தை நிறமாற்றத்தால் காட்டும் பரிசோதனை. அதன் தட்டில் 96 குழிகள் இருக்கும். கடைசிக் கட்டத்தில் நிறம் தரும் திரவத்தை விட்டு, தட்டை இருட்டில் வைத்து எடுத்து, அமிலம் விட்டு நிறுத்துவோம். கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருள் இருக்கும் குழியில் அதுவரை நீலமாக இருந்தது சட்டென்று மஞ்சளாகும். பக்கத்துக் குழிகளெல்லாம் தண்ணீர் மாதிரி நிற்கும். ஹெபடைட்டிஸ் சி தட்டில் அப்படி ஒரு மஞ்சள் குழி தெரியும்போது இன்றும் எனக்கு வயிற்றைப் பிசையும். ஏதோ ஒரு வீட்டில் இன்னும் தெரியாத ஒரு சேதி என் கையில் இருக்கிறதே என்று.

கொஞ்ச நாளைக்கு முன்னால் அப்படி ஒரு கொடையாளரை வரவழைத்துப் பேச வேண்டியிருந்தது. நல்ல திடகாத்திரமான ஆள். "எனக்கு மஞ்சள் காமாலையே வந்ததில்லையே அக்கா?" என்றார். அப்புறம், "கீழாநெல்லி அரைச்சுக் குடிச்சா சரியாயிடுமா?" என்று கேட்டார். இந்த வைரஸ் உள்ளே வந்தால் பெரும்பாலும் காமாலையே வராது, பத்து இருபது வருடம் சத்தமில்லாமல் இருந்துவிட்டுக் கல்லீரலைச் சுருங்க வைக்கும் என்று சொன்னேன். சிலருக்கு உடம்பே அதை விரட்டிவிடும் என்பதையும், எலிசாவை மட்டும் வைத்து நோய் இருக்கிறது என்று சொல்ல முடியாது, வைரஸின் ஆர்.என்.ஏ. இருக்கிறதா என்று இன்னொரு பரிசோதனை செய்ய வேண்டும் என்பதையும் விளக்கினேன். "அது ஏன் அக்கா கல்லீரல்ல போய் உக்காருது?" என்றார். அந்தக் கேள்விக்கான விடையின் ஒரு பகுதிதான் உங்கள் கட்டுரையில் விட்டுப்போனது.

1989 வரைக்கும் இந்த வைரஸுக்குப் பெயரே கிடையாது. ஹெபடைட்டிஸ் ஏ-யும் இல்லை, பி-யும் இல்லை என்றுதான் அந்த நோயைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அமெரிக்காவின் கைரான் நிறுவனத்தில் மைக்கேல் ஹௌட்டன், க்வி-லிம் சூ, ஜார்ஜ் குவோ ஆகியோரும், அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையத்தைச் சேர்ந்த டேனியல் பிராட்லியும் சேர்ந்து அதன் மரபணுத் துண்டைப் பிடித்தார்கள். வைரஸைக் கண்ணால் பார்க்காமலே, அதன் எழுத்தை வைத்து அடையாளம் கண்டார்கள். எழுத்து என்று நான் சொல்வது மரபுச் செய்தியைத் தாங்கும் வேதி அலகுகளை. நாங்கள் செய்யும் எலிசா அங்கிருந்து வந்ததுதான். வைரஸின் மொத்த மரபுச் செய்தி சுமார் 9,600 எழுத்துகள் கொண்ட ஒற்றை ஆர்.என்.ஏ. இழை.

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் பீட்டர் சார்னோ என்ற மூலக்கூறு உயிரியலாளர் ஆய்வகம் நடத்திவந்தார். அங்கே வேலை செய்த கேத்தரின் ஜோப்ளிங்கும் குழுவினரும் 2005இல் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். நம் கல்லீரலில் மிர்-122 என்று ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏ. இருக்கிறது. நீளம் வெறும் 22 எழுத்து. ஆனால் கல்லீரலில் உள்ள மொத்த மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களில் சுமார் 70 விழுக்காடு இது ஒன்றேதான். மற்ற உறுப்புகளில் தேடினாலும் கிடைப்பது அரிது. இதனோடு பொருந்தும் எழுத்துகள் வைரஸின் இழையிலும் இருந்தன, அதுவும் தொடக்கத்திலேயே. வழக்கமாக மைக்ரோ ஆர்.என்.ஏ. போய் ஒட்டுவது, புரதம் செய்வதற்கான மரபணுவின் நகலான செய்தி ஆர்.என்.ஏ.வின் வால் பக்கம். ஒட்டினால் அந்தச் செய்தி அடங்கிவிடும். உங்கள் கட்டுரை சொன்ன கணக்குப்படி, கல்லீரலில் மிர்-122 இருப்பது வைரஸுக்கு ஆகாமல் போயிருக்க வேண்டும்.

நடந்தது நேர்மாறு. செல்லில் இருந்த மிர்-122ஐ முடக்கிப் பார்த்தார்கள். வைரஸ் ஆர்.என்.ஏ. மளமளவென்று குறைந்தது. அதாவது வைரஸுக்கு அது வேண்டியிருந்தது.

இதற்கு அடுத்து அவர்கள் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். மிர்-122ஐ முடக்கியதால் செல்லில் வேறு ஏதோ கெட்டுப்போய் வைரஸ் குறைந்திருக்கலாம் அல்லவா? அந்தச் சந்தேகத்தை விட்டுவைக்கவில்லை. வைரஸின் அந்த ஒட்டும் இடத்தில் எழுத்தை மாற்றினார்கள், வைரஸ் ஆர்.என்.ஏ. நிலைக்கவில்லை. பிறகு, மாற்றிய எழுத்துக்குப் பொருந்துகிற மாதிரி மிர்-122இலும் எழுத்தை மாற்றிச் செல்லுக்குள் விட்டார்கள். வைரஸ் மீண்டும் பெருகியது. பூட்டை மாற்றினால் பழைய சாவி சேராது. சாவியையும் அதற்கேற்ப அராவினால் திறக்கும். இரண்டும் நேரடியாகத்தான் ஒட்டுகின்றன என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? ஒவ்வொரு தட்டிலும் ஒப்பிட்டுச் சரிபார்க்கக் கன்ட்ரோல் குழி வைத்தே பழகிய எனக்கு, இதைப் படித்தபோது எழுந்து நின்று கைதட்ட வேண்டும் போல் இருந்தது.

ஏன் வேண்டியிருக்கிறது என்பது பின்னால் வந்த ஆய்வுகளில் தெளிவானது. நம் செல்லின் செய்தி ஆர்.என்.ஏ.வுக்குத் தலைப்பில் ஒரு தொப்பி மாதிரி பாதுகாப்பு உண்டு. இந்த வைரஸுக்கு அது இல்லை. ஓரம் அடிக்காத துணி நுனியிலிருந்து பிரிவதுபோல, செல்லில் உள்ள நொதிகள் அதன் முனையிலிருந்து கடித்துக்கொண்டே வந்துவிடும். மிர்-122 அந்த முனையில், முதல் 50 எழுத்துகளுக்குள் இரண்டு இடங்களில் உட்கார்ந்து, கடிக்க விடாமல் காக்கிறது. அடக்க வேண்டியது அரணாக நிற்கிறது. மிர்-122 ஏறக்குறைய இல்லாத ஹெப்ஜி2 என்ற செல்வகையில் அதைக் கொண்டுபோய் வைத்தபோது, அதுவரை சரியாகப் பெருகாத வைரஸ் ஆர்.என்.ஏ. அங்கேயும் பெருகியது. ஏன் கல்லீரல் என்று அந்தக் கொடையாளர் கேட்டாரே, இது அதற்கான முழு விடை இல்லை. ஆனால் பெரிய பங்கு.

இன்னொன்று. 2015இல் சார்ல்ஸ் ரைஸின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகக் குழுவும் பங்கேற்ற ஆய்வில், வைரஸ் பெருகப் பெருக அது மிர்-122ஐ உறிஞ்சிவிடுகிறது, கல்லீரலின் சொந்த வேலைக்கு அது போதாமல் போகிறது என்று காட்டினார்கள். ஹெபடைட்டிஸ் சி ஆய்வுக்காக 2020இல் ஹார்வி ஆல்டர், ஹௌட்டன் ஆகியோரோடு நோபலைப் பகிர்ந்துகொண்டவர் இதே ரைஸ்தான். 2020 நோபலும் 2024 நோபலும் இந்த 22 எழுத்தில் வந்து சந்திக்கின்றன. உங்கள் கட்டுரையாளர் இதைத் தவறவிட்டதில்தான் எனக்கு வருத்தம்.

மைக்ரோ ஆர்.என்.ஏ.வை வைத்து இன்னும் மருந்து வரவில்லை என்று கட்டுரையில் இருந்தது சரிதான். ஆனால் மருந்தாகும் அளவுக்கு நெருங்கி வந்த ஒன்றின் கதையைச் சொல்லியிருக்கலாம். டென்மார்க்கின் சந்தாரிஸ் நிறுவனம் மிர்-122ஐக் கட்டிப்போடும் மிராவிர்சன் என்ற ஊசி மருந்தைச் செய்தது. 36 நோயாளிகளிடம் சோதித்த முடிவு 2013இல் வெளிவந்தது. கூடுதல் அளவு மருந்து பெற்றவர்களில் சிலருக்கு வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்திருந்தது. வைரஸ் அடிக்கடி எழுத்தை மாற்றித் தப்பிக்கும். இந்த மருந்து குறிவைத்ததோ வைரஸை அல்ல, நம் செல்லின் பொருளை. அதே வருடம் டிசம்பரில் சோஃபோஸ்புவிர் மாத்திரைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. வைரஸை நேரடியாகத் தாக்கும், விழுங்கினால் போதும் என்று மாத்திரை வந்த பிறகு ஊசி எடுபடவில்லை. மிர்-122 இல்லாமல் பிறக்க வைத்த எலிகளுக்குக் கல்லீரல் புற்று வந்ததும் 2012இலேயே தெரிந்திருந்தது. அதனால் நல்ல வழி கிடைத்ததும் இதை ஒதுக்கியது சரி என்றே எனக்குப் படுகிறது.

அந்தக் கொடையாளருக்கு ஆர்.என்.ஏ. பரிசோதனையிலும் வைரஸ் இருப்பது உறுதியானது. 2018இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் மருந்து இலவசம். 84 நாள் மாத்திரை சாப்பிட்டார். முடித்து மூன்று மாதம் கழித்துப் பார்த்த பரிசோதனையில் வைரஸ் இல்லை. அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு என்னிடம் காட்ட வந்தார். இனி ரத்தம் கொடுக்கலாமா என்று கேட்டார். வைரஸ் போனாலும் எதிர்ப்பொருள் தங்கிவிடும், என் தட்டில் உங்கள் குழி இனியும் மஞ்சளாகத்தான் ஆகும், அதனால் முடியாது என்று சொல்ல எனக்குக் கஷ்டமாக இருந்தது. சரி அக்கா, வேறு ஆளைக் கூட்டி வருகிறேன் என்றார்.

அடுத்த இதழில் இடம் இருந்தால் மிர்-122 பற்றித் தனியாக ஒரு கட்டுரை போடுங்கள். ஜோப்ளிங்கின் பெயர் அதில் வர வேண்டும். இடம் இல்லையென்றால், அந்த ஒரு வரியில் "பெரும்பாலும்" என்று ஒரு சொல்லையாவது சேர்த்துத் திருத்தம் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ரத்த வங்கி லேப் டெக்னீஷியன் ஒருவர்,
மதுரை