நடுவில் ஒரு டம்ளர் தண்ணீர்

கண்ணா,

சனிக்கிழமை ராத்திரி நீ பேசியபோது நாக்கு குழறியது. அப்பா பக்கத்தில் இருந்ததால் எதுவும் கேட்கவில்லை. குடிக்காதே என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அதை எழுதினால் நீ பாதியிலேயே மடித்து வைத்துவிடுவாய், சரி, தண்ணீரைப் பற்றி எழுதுகிறேன்.

முதலில் வயிறாரச் சாப்பிடு. வெறும் வயிற்றில் குடித்தால் சட்டென்று ஏறும். ஒவ்வொரு பெக்குக்கும் நடுவில் ஒரு டம்ளர் தண்ணீர் குடி. உடம்பில் தண்ணீரைத் தேக்கி வைக்கும் ஹார்மோனை மது அடக்கிவிடும். அதனால்தான் அடிக்கடி சிறுநீர் போகும், காலையில் வாய் உலர்ந்து தலை இடிக்கும். ஆனால் தண்ணீர் போதையை இறக்கும் என்று நம்பிவிடாதே. 30 மில்லி பெக்கில் சுமார் 10 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. அதைக் கரைக்கக் கல்லீரலுக்கு ஒரு மணி நேரமாவது வேண்டும். காபி குடித்தாலும் குளித்தாலும் அது வேகமாகாது.

எனர்ஜி டிரிங்க் மட்டும் கலக்காதே. அதிலுள்ள காஃபின் தூக்கத்தைத் தள்ளிப்போடும், போதை அப்படியே இருக்கும். தெளிவாக இருக்கிறோம் என்று நினைத்து வண்டியை எடுத்துவிடுவாய்.

உனக்குப் பதவி உயர்வு வந்ததை அத்தை சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். அப்பா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். எங்களிடம் நீயே சொல்லியிருக்கலாம்.

தலைவலி என்றால் பாராசிட்டமாலைத் தேடுவாயே, நிறையக் குடித்த ராத்திரியில் அது வேண்டாம், கல்லீரலுக்கு இரட்டைச் சுமை. தூக்க மாத்திரை ஒருநாளும் கூடாது. மதுவும் அதுவும் சேர்ந்தால் மூச்சே அடங்கிப்போகும். பெரியப்பா விஷயம் உனக்கே தெரியும்.

அன்றைக்கு உன் குரலுக்குப் பின்னால் ஒரு சத்தமும் இல்லை. சிரிப்பு இல்லை, டிவி கூட ஓடவில்லை. தனியாகவா குடிக்கிறாய்? குடித்தவன் மல்லாந்து படுத்து வாந்தியெடுத்தால் மூச்சுக்குழாயில் போய் அடைத்துக்கொள்ளும். ஒருக்களித்துப் படுக்க வைக்க ஆள் வேண்டும். உனக்கு அங்கே யார் இருக்கிறார்கள்? நண்பர்களோடு இருந்தாய் என்று சொல்லியிருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

தண்ணீரை மறக்காதே, படுக்கும் முன்னும் ஒரு டம்ளர் குடி. அப்புறம், இந்த வாரம் ராத்திரியில் வேண்டாம், பகலில் கூப்பிடு. அப்பா வெளியே போயிருக்கும் நேரமாகப் பார்த்துக் கூப்பிடு. என்ன நடந்திருந்தாலும் கேட்டுக்கொள்கிறேன், திட்ட மாட்டேன்.

அம்மா