பாலின் வெண்மையும் நெய்யின் தெளிவும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாலிலுள்ள கொழுப்பும் கேசின் என்னும் புரதமும் வெண்ணிறப் பொருள்கள் என்பதாலேயே பால் வெள்ளையாக இருக்கிறது என்று, தங்கள் நாளிதழின் மாணவர் பக்கக் கேள்வி-பதில் பகுதியில் விடையளிக்கப்பட்டிருந்தது. இது பிழை. கொழுப்பு வெள்ளை நிறம் என்றால், அதே கொழுப்பாகிய நெய் உருகியதும் பாத்திரத்தின் அடி தெரியும் அளவுக்கு ஏன் தெளிந்து நிற்கிறது?

பாலில் கொழுப்பு, சில மைக்ரோமீட்டர் குறுக்களவுள்ள நுண்துளிகளாகவும், கேசின் அதைவிட மிகச் சிறிய துகள்களாகவும் நீரில் பரவியிருக்கின்றன. இவை தம்மீது படும் ஒளியைத் திசைமாற்றுகின்றனவே தவிர, ஏறத்தாழ எதையும் விழுங்குவதில்லை. எனவே, ஒளி துகளுக்குத் துகள் தாவிப் பலமுறை சிதறி, நுழைந்த திசையின் தடமே இன்றி, எல்லா நிறங்களும் கலந்தபடி வெளியேறுகிறது. அந்தக் கலவையே நமக்கு வெண்மையாகத் தெரிகிறது. உருகிய நெய்யில் ஒளியைச் சிதறடிக்க இத்தகைய துகள்கள் இல்லாததால் அது தெளிந்து நிற்கிறது.

இதை நான் வகுப்பில் பலமுறை செய்து காட்டியிருக்கிறேன். ஒரு கண்ணாடித் தம்ளர் நீரில் இரண்டு சொட்டுப் பால் விட்டு, இருட்டறையில் டார்ச் அடித்தால், பக்கவாட்டில் இளநீலமும், நேர் எதிரே நின்று பார்த்தால் விளக்கில் செம்மஞ்சளும் தெரியும். ஒளி பெரும்பாலும் ஒருமுறையே சிதறும் நிலை இது; மிகச் சிறிய துகள்கள் நீலத்தையே அதிகம் சிதறடிப்பதால் பக்கவாட்டில் நீலமும், நேரே எஞ்சி வருவதில் செம்மஞ்சளும் தெரிகின்றன. சொட்டுகளைக் கூட்டிக்கொண்டே போனால் நீலம் வெளுத்து மறைந்துவிடும். மேகமும் பாலைப் போலவே ஒளியைச் சிதறடிக்கிறது. அதன் வெண்மைக்கு நீர்த்துளிகளின் பருமனே காரணம் என்று சரியாகச் சொல்லும் மாணவர்களும், தடித்த மேகத்தின் அடிப்பக்கம் ஏன் கறுக்கிறது என்றதும் விழிப்பார்கள். பலமுறை சிதறிய வெயிலின் பெரும்பகுதி மேற்பக்கமாகவே திரும்பிவிடுவதால் கீழே வந்து சேரும் ஒளி குறைகிறது என்பதே அதற்கு விடை.

தடமே இன்றி என்று எழுதினேன். அதற்கும் ஒரு விலக்கு உண்டு. ஒளி துகள்களுக்கிடையே செல்லும் ஒவ்வொரு வழிக்கும், அதே துகள்களைத் தலைகீழ் வரிசையில் தொட்டுவரும் எதிர்வழி ஒன்றுண்டு. இரண்டின் நீளமும் சமம் என்பதால், வந்த திசையிலேயே நேராகத் திரும்பும்போது இரு அலைகளும் ஒத்திசைந்து, அந்தக் குறுகிய கோணத்தில் மட்டும் ஒளிச்செறிவு சுற்றுப்புறத்தைப் போல ஏறக்குறைய இரு மடங்காகிறது. நீரில் மிதக்கும் நுண்ணிய பிளாஸ்டிக் உருண்டைகளைக் கொண்டு, நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாமிலும் பிரான்சின் கிரெனோபிளிலும் இரு குழுக்கள் இதை அளந்து 1985-இல் வெளியிட்டன. லேசரால் குளிர்விக்கப்பட்ட ருபீடியம் என்னும் உலோகத்தின் அணுக்களில் 1999-இல் பிரான்சின் நீஸ் நகரக் குழுவினர் இதைக் கண்டபோது, மிகைச்செறிவு மிகச் சிறிதாகவே இருந்தது. சிதறும்போது அணுவின் உள்நிலை மாறிவிடக்கூடும் என்பதால், நேர்வழியும் எதிர்வழியும் அங்கே முழுமையாகப் பொருந்துவதில்லை. மிகக் குறைந்த ஆற்றல் நிலையில் அப்படி மாறக்கூடிய உள்நிலைகள் இல்லாத ஸ்ட்ரான்சியம் என்னும் உலோகத்தின் அணுக்களில் 2002-இல் ஏறக்குறைய முழு இரட்டிப்பே கிடைத்தது. பாலைப் போல ஒளியைச் சிதறடிக்கும் பொருள்கள் ஆய்வாளர்களை இன்றும் ஈர்ப்பதில் வியப்பில்லை.

அடுத்த மாணவர் பக்கத்தில் அந்த விடையைத் திருத்தி, தம்ளர் சோதனையையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். கொழுப்பு நீக்கிய பாலிலும் அதைச் செய்து பார்க்கச் சொல்லலாம். நீலச்சாயல் இன்னும் தெளிவாகத் தெரியும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்