தரம் 4 பெற்றோருக்கு: தாடை எலும்பும் வியாழக்கிழமைக் கண்காட்சியும்

அன்பான பெற்றோருக்கு,

வணக்கம். தரம் 4 பிள்ளைகள் இப்போது டைனோசர் படிக்கிறார்கள். அதன் பலன் உங்கள் வீட்டுச் சோற்றுக் கோப்பையிலும் தெரிகிறதாம். "நான் டி-ரெக்ஸ், கீரை வேண்டாம்" என்று அடம் பிடிக்கிறார்கள் என்று சில தாய்மார் வந்து சொன்னார்கள். சரி, அப்படிச் சொல்லும் பிள்ளையிடம் இதைச் சொல்லுங்கள்: டைனோசர்களில் மிகப் பெரியவை எல்லாம் இலைதழை தின்றவைதான். இறைச்சி தின்ற டி-ரெக்ஸ் ஏறத்தாழ 12 மீற்றர் நீளம். தாவரவுண்ணியான ஆர்ஜென்டினோசோரஸ் 30 மீற்றர் அளவில் இருந்தது.

எது எதைத் தின்றது என்பதைப் பெரும்பாலும் பல்லை வைத்தே அறிகிறார்கள். டி-ரெக்ஸின் பல் வேரோடு சேர்த்து 30 சென்ரிமீற்றர் வரை வரும், ஓரம் பனங்கருக்குப் போல இருக்கும். டிப்ளோடோகஸுக்கு வாயின் முன்பக்கம் மட்டும் மெல்லிய குச்சிப் பற்கள். இலையை உருவி மெல்லாமல் விழுங்கிவிடும், மிச்ச வேலை வயிற்றுக்கு. பிள்ளைகளுக்கு அதிகம் பிடித்தது வேறொன்று: கனடாவில் கிடைத்த, கல்லாகிப்போன டைனோசர் மலம். அதற்குள் நொறுங்கிய எலும்புத் துண்டுகள் இருந்தன, ஆகவே அது விலங்குண்ணியுடையது.

எங்கள் காட்டுக் கரடி மட்டும் கணக்கைக் குழப்பும். கோரைப்பல் இருக்கிறது, ஆனால் தின்பது பெரும்பாலும் கறையானும் பாலைப்பழமும். பல்லை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது என்பதற்காகவே அதைப் பாடத்தில் சேர்த்தோம்.

வரும் வியாழக்கிழமை வகுப்பறையில் சிறு கண்காட்சி வைக்கிறோம். (வெள்ளி விரத நாள், எலும்போடு வரச் சொன்னால் நீங்கள் என்னைச் சும்மா விடமாட்டீர்கள்.) ஆடு, மாட்டின் தாடை எலும்பு இருந்தால் நன்றாக அவித்து, வெயிலில் காயவைத்துத் தந்துவிடுங்கள். ஆட்டுக்கு மேல்வாயில் முன்பல் இல்லை என்பதைப் பிள்ளைகள் தொட்டுப் பார்க்கட்டும். சைவ வீட்டுப் பிள்ளைகள் ஆடு மாடு விரும்பித் தின்னும் குழைகளைக் கொண்டுவந்தால் போதும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். எலும்பு தேடிப் பிள்ளைகளைப் பற்றைக்காட்டுக்கோ குளக்கரைக்கோ அனுப்ப வேண்டாம். குளத்தில் முதலை இருக்கிறது. காட்டில் மிதிவெடி அகற்றாத இடங்கள் இன்னும் உள்ளன. இனந்தெரியாத பொருள் எதையும் தொடாமல், பெரியவர்களிடம் வந்து சொல்லப் பழக்குங்கள். எலும்பு கிடைக்காவிட்டால் பரவாயில்லை, வகுப்பாசிரியையிடம் படங்கள் இருக்கின்றன.

கண்காட்சி காலை 9 மணிக்கு. அப்பம்மா, அம்மம்மாவையும் கூட்டி வாருங்கள்.

இப்படிக்கு,
அதிபர்